டபுள் ஓ.டி. என்று கொடுத்தார்கள், கணக்குப் போட்டால் பாதிதான்: ஒரு தொழிற்சாலை நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் நடுத்தர அளவுத் தொழிற்சாலை அது. நிரந்தரத் தொழிலாளர்கள் இருநூறுக்குக் கொஞ்சம் குறைவு, கிட்டத்தட்ட அதே அளவுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள். நான் இறுதி ஆய்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன், கடைசியில் பேச்சுவார்த்தைக்குப் போன ஐந்து பேரில் ஒருவன். சம்பந்தப்பட்டவர்களில் பெரும்பாலானோர் இன்னும் அங்கேதான் இருக்கிறோம் என்பதால் பெயர், ஊர், நிறுவனம் எதையும் எழுதப் போவதில்லை. சம்பளக் கணக்கை மட்டும் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் பிரச்சினை முழுக்க அந்தக் கணக்குக்குள்தான் இருந்தது.

மூன்று ஷிஃப்ட் ஓடும். முதல் ஷிஃப்ட் காலை 6 மணி முதல் மதியம் 2.30 வரை, நடுவில் அரை மணி நேரம் இடைவேளை. ஆக ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, வாரத்துக்கு ஆறு நாள், மொத்தம் 48. அப்போது நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948 வாரத்துக்கு அனுமதித்த உச்சவரம்பும் அதே 48 மணிதான். அதாவது கம்பெனி ஏற்கெனவே வரம்பின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது, அதற்கு மேல் வாங்கும் எந்த நேரமும் ஓ.டி.தான், அதாவது கூடுதல் நேர வேலை. அந்தச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு சொன்னது இது: ஒரு நாளில் 9 மணிக்கு மேலோ வாரத்தில் 48 மணிக்கு மேலோ வேலை செய்தால், சாதாரண ஊதிய விகிதத்தைப் போல இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும்.

ஆர்டர் அதிகமான காலத்தில், வாரத்தில் இரண்டு மூன்று நாள் முதல் ஷிஃப்ட் ஆட்களை மாலை 6.30 வரை நிறுத்திவைப்பது வழக்கமாகிவிட்டது. 12 மணி நேர டியூட்டி. வருகிறாயா என்று யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு மதியம் இரண்டே முக்கால் பேருந்து ரத்து என்று அறிவிப்புப் பலகையில் ஒரு வரி எழுதிவிடுவார்கள், அவ்வளவுதான். நெடுஞ்சாலையில் இருந்து உள்ளே தள்ளி இருக்கும் இடம், கம்பெனி பேருந்து இல்லையென்றால் வெளியே போக வழி கிடையாது. கட்டாயம் என்று வாயால் சொல்லாமலே கட்டாயப்படுத்தும் முறை அது. அதையும் மீறி யாராவது சொந்த வண்டியில் கிளம்பினால் அந்த மாதம் அவருக்கு வருகை ஊக்கத்தொகை வராது. முழு நாள் வேலை செய்து, லீவே போடாதவருக்கு வருகை ஊக்கத்தொகை ஏன் வெட்டு என்று கேட்டால், "ஒத்துழைப்பும் அதில் சேர்ந்ததுதான் தம்பி" என்பார் எச்.ஆர். அதிகாரி.

கவனித்தது

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் ஒரு திருத்த மசோதா நிறைவேறியது. தொழிற்சாலைகளில் ஒரு நாளைய வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் மசோதா என்று பெரிய எதிர்ப்பு கிளம்பியது, தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒன்றாக நின்றன, மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சரே அறிவித்தார். அந்தப் பத்து நாளும் எங்கள் ஓய்வறையில் இதே பேச்சு. அப்போதுதான் மூத்த செட்டர் (இயந்திரங்களை வேலைக்கு அமைத்துக் கொடுப்பவர்) ஒருவர், எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், சும்மா ஒரு கேள்வி கேட்டார்: "அவங்க புதுசா கொண்டுவரப் பார்த்தது 12 மணி நேரம்னா, நாம இவ்வளவு நாளா பார்த்துக்கிட்டு இருக்கிறது எந்தச் சட்டத்துல வருது?"

யாரிடமும் பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் சம்பளச் சீட்டை எடுத்து உட்கார்ந்தோம்.

சராசரியான ஒரு நிரந்தரத் தொழிலாளியின் கணக்கு இது. அடிப்படைச் சம்பளம் 9,600 ரூபாய், பஞ்சப்படி 6,000, சேர்த்து 15,600. கம்பெனி 9,600-ஐ மட்டும் எடுத்து, 30 நாளால் வகுத்து, 8 மணியால் வகுத்து, ஒரு மணிக்கு 40 ரூபாய் என்று வைத்து, அதை இரட்டித்து 80 ரூபாய் கொடுத்துவந்தது. "டபுள்தானே கொடுக்கிறோம்" என்று அவர்கள் சொன்னது ஒரு விதத்தில் பொய் இல்லை. ஆனால் எதை இரட்டிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சாதாரண ஊதியம் என்றால் அடிப்படைச் சம்பளமும் தொழிலாளிக்கு உரிய படிகளும் சேர்ந்தது, போனஸும் ஓ.டி. தொகையும்தான் அதில் வராது என்று 59-ஆவது பிரிவே விளக்கம் கொடுத்தது. அப்படிப் பார்த்தால் 15,600-ஐ 26 வேலை நாளாலும் 8 மணியாலும் வகுத்தால் 75 ரூபாய், இரட்டித்தால் 150. எங்களுக்கு வந்தது 80.

இதில் 26-ஆல் வகுப்பதா 30-ஆல் வகுப்பதா என்பதில் வாதத்துக்கு இடம் உண்டு என்று பின்னால் எங்கள் வழக்கறிஞரே சொன்னார். பஞ்சப்படியைக் கழற்றிவிட்டதில் அப்படி எந்த இடமும் இல்லை.

இன்னும் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஆளிடம் இயந்திரத்தை ஒப்படைக்கும் நேரம், தினமும் இருபது நிமிடத்துக்குக் குறையாது, அது எந்தக் கணக்கிலும் இல்லை. ஓ.டி.யில் முழு மணி நேரம் ஆகாத நிமிடங்கள் கழிக்கப்பட்டன, ஐந்து ஐம்பதுக்கு விட்டால் ஐந்தரை மணி வரைதான் சம்பளம். சம்பளச் சீட்டில் ஓ.டி. என்ற தலைப்பே இல்லை, "உற்பத்தி ஊக்கத்தொகை" என்று இருந்தது. இந்தப் பெயர் மாற்றத்தை நாங்கள் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) விவரங்களைப் பார்த்த ஒரு பையன்தான் சொன்னான், ஓ.டி. தொகைக்கும் இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு, நமக்கு அந்தத் தொகைக்குப் பிடிக்கவே இல்லை, அப்படியென்றால் கம்பெனியின் ஏட்டில் நாம் ஓ.டி.யே செய்யவில்லை என்று. வருகைப் பதிவேட்டில் எல்லாரும் 2.30-க்கு வெளியே போயிருந்தோம். விரல் ரேகை இயந்திரத்தில் 2.30-க்கு ஒருமுறை பதிய வைத்து, மறுபடி உள்ளே அனுப்புவதன் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

முதல் கூட்டம்

விடுமுறை நாளில் ஒருவர் வீட்டில் கூடினோம். சண்டை எங்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையில்தான் என்று நினைத்துப் போனவர்களுக்கு அங்கே அதிர்ச்சி, ஏனென்றால் முதல் சண்டை எங்களுக்குள்ளேயே வந்தது.

அப்போதைய சட்டத்தின்படி ஓ.டி.க்கு விகிதம் மட்டும் இல்லை, வரம்பும் இருந்தது. மூலச் சட்டத்தில் ஒரு காலாண்டுக்கு, அதாவது மூன்று மாதத்துக்கு, 50 மணி நேரம். வேலை நெருக்கடி என்று விசேஷ அனுமதி வாங்கினால் 75. நாங்களோ மாதத்துக்குச் சராசரி 40 மணி நேரம், காலாண்டுக்கு 120 செய்துகொண்டிருந்தோம். இப்போது கணக்கைப் பாருங்கள். தப்பான விகிதத்தில், 80 ரூபாய்க்கு 40 மணி நேரம் செய்தால் மாதம் 3,200. சட்டப்படி 150 ரூபாய் வாங்கி, சட்டப்படி 50 மணி நேர வரம்புக்குள் நின்றால் மாதத்துக்கு 16, 17 மணி நேரம்தான் வரும், அது 2,500. நியாயம் கிடைத்தால் கைக்கு வரும் காசு 700 ரூபாய் குறையும்!

இதை ஒருவர் தாளில் போட்டுக் காட்டியதும் அறையே அமைதியாகிவிட்டது. ஓ.டி. காசை நம்பிக் கடன் வாங்கியிருந்தவர்கள் பலர். "உங்க சட்டத்தைக் கொண்டுவந்து என் தவணையில கைய வைக்காதீங்க" என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். அவரைச் சுயநலக்காரர் என்று சில இளைஞர்கள் பேசினார்கள், அது எனக்கு நியாயமாகப் படவில்லை. அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாக வைத்து, மீதியை ஓ.டி.யில் ஈடுகட்ட வைத்தால், ஆள் தானாகவே 12 மணி நேரம் நிற்பான், கட்டாயப்படுத்தவே தேவையில்லை. எழுந்து போனவர் அந்த ஏற்பாட்டுக்குள் சிக்கியவர், அதை உண்டாக்கியவர் இல்லை.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

அந்தக் கூட்டமும் அடுத்தடுத்த பேச்சுகளும் சேர்ந்து மூன்று கோரிக்கைகளில் வந்து நின்றன. ஒன்று, பஞ்சப்படியைச் சேர்த்துச் சரியான விகிதம், பழைய பாக்கியோடு. இரண்டு, ஓ.டி.யை மறுத்தால் தண்டனை கிடையாது, அதாவது 2.45 பேருந்து எல்லா நாளும் ஓட வேண்டும், வருகை ஊக்கத்தொகையில் கைவைக்கக் கூடாது. மூன்று, ஓ.டி. நேரம் உண்மையான பதிவேட்டிலும் சம்பளச் சீட்டிலும் ஓ.டி. என்ற பெயரிலேயே வர வேண்டும்.

50 மணி நேர வரம்பை நாங்களாக எழுப்புவதில்லை என்று முடிவு செய்தோம். இதை விமர்சிப்பவர்கள் உண்டு, பாதுகாப்புக்காகப் போராடிப் பெற்ற வரம்பை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்களா என்று வழக்கறிஞரே கேட்டார். ஆனால் எழுந்து போனவரைப் போன்ற முப்பது நாற்பது பேரை வெளியே விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போனால் அது மொத்தத் தொழிலாளர்களின் கோரிக்கையாக நிற்காது. மறுக்கும் உரிமை கிடைத்துவிட்டால் களைத்துப்போனவர் வீட்டுக்குப் போகலாம், பணம் தேவைப்படுபவர் நிற்கலாம், வரம்பைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்பது எங்கள் கணக்கு.

இதே காரணத்துக்காகத்தான் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு உடனே புகார் அனுப்பவில்லை. அங்கிருந்து ஆய்வுக்கு வந்தால் முதலில் பிடிபடுவது வேலை நேர மீறல்தான், ஓ.டி. ஒரே நாளில் நிற்கும், பழி எங்கள் மேல் விழும். முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில் கடிதம், அடுத்தது தொழிலாளர் துறையில் சமரச மனு, கடைசியாகத்தான் இயக்ககம் என்று வரிசை வைத்தோம்.

எல்லாரும் சேர்ந்து ஒரு நாள் ஓ.டி.யைப் புறக்கணிக்கலாம் என்ற யோசனையும் வந்தது. இளைஞர்களுக்கு அதில்தான் ஆர்வம். கூட்டாகப் பேசிவைத்து வேலையை மறுப்பது தொழில் தகராறுகள் சட்டத்தில் வேலைநிறுத்தம் என்ற விளக்கத்துக்குள் வரக்கூடும், சட்டவிரோத வேலைநிறுத்தம் என்று நோட்டீஸ் ஒட்ட அவர்களுக்கு நாமே வழி செய்து கொடுப்பதாகிவிடும் என்று வழக்கறிஞர் சொன்னதும் அதைக் கைவிட்டோம்.

ஆதாரம் தேடியது

பதிவேட்டில் எல்லாரும் 2.30-க்கு வெளியே. அப்படியிருக்க 6.30 வரை இருந்தோம் என்று எதை வைத்துக் காட்டுவது? பட்டறைத் தளத்தில் செல்போனுக்கு அனுமதி இல்லை, படம் எடுக்க முடியாது. முதல் வேலையாக ஒவ்வொருவரும் சட்டைப் பைக்குள் அடங்கும் சின்ன நோட்டு வைத்து, தேதி, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், இயந்திர எண், அன்றைய சூப்பர்வைசர் என்று எழுத ஆரம்பித்தோம். பாதிப் பேர் இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள். விடாமல் எழுதியவர்களின் நோட்டுகள் போதுமானதாக இருந்தன, ஏனென்றால் ஒரே வரிசையில் நின்ற நான்கு பேரின் நோட்டு ஒன்றோடொன்று பொருந்தியது.

ஆனால் நோட்டு எங்கள் கையெழுத்து. கம்பெனியின் கையெழுத்து வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பது எனக்கு என் வேலையாலேயே தெரிந்திருந்தது.

எல்லா இயந்திரத்தின் பக்கத்திலும் மணிவாரி உற்பத்தித் தாள் ஒன்று தொங்கும். ஆறிலிருந்து ஏழு வரை எத்தனை, ஏழிலிருந்து எட்டு வரை எத்தனை, கழிவு எத்தனை, இயக்குபவரின் டோக்கன் எண், பக்கத்தில் சூப்பர்வைசரின் சுருக்கொப்பம். வருகைப் பதிவேட்டின்படி 2.30-க்கு வீட்டுக்குப் போன செட்டர் அண்ணனின் டோக்கன் எண், இந்தத் தாளில் 3.30, 4.30, 5.30 வரிசைகளில் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றுக்கும் சூப்பர்வைசர் ஒப்பமிட்டிருப்பார். இந்தத் தாளை நிர்வாகத்தால் தூக்கிப் போடவும் முடியாது, திருத்தவும் முடியாது. வாகன உதிரிபாகத் தொழிலில் ஒரு பாகத்தில் குறை வந்தால் அது எந்த நாள், எந்த மணியில், எந்த இயந்திரத்தில், யார் கையில் ஆனது என்று வாடிக்கையாளர் கேட்பார், காட்டியாக வேண்டும். சம்பளப் பிரிவு ஒரு கதை எழுதினால் தரப் பிரிவு வேறொரு கதையைப் பத்திரமாக அடுக்கி வைத்திருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க இதுவரை யாருக்கும் தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

தாள்களை வெளியே எடுத்துப் போகக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். எடுத்திருந்தால் திருட்டு, ரகசியம் கசியவிட்டது என்று விசாரணை நோட்டீஸ் வந்திருக்கும், பேச்சே அதற்குத் திரும்பியிருக்கும். எந்தத் தேதியில் எந்த இயந்திரத்தின் தாளைக் கேட்க வேண்டும் என்ற குறிப்பை மட்டும் நோட்டில் எழுதி வைத்தோம். அதிகாரி முன்னால் "இந்த இந்தத் தாளை வரவழையுங்கள்" என்று சொல்ல அது போதும். கம்பெனி பேருந்தின் 6.45 பயணப் பதிவும் வாயில் காவலரின் ஏடும் அதே போலத்தான்.

கடிதமும் அதன் விளைவும்

மூன்று கோரிக்கைகளையும் ஒரு பக்கக் கடிதமாக, தமிழில், நூற்று முப்பதுக்கு மேற்பட்டோர் கையெழுத்துடன், பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து அனுப்பினோம். நேரில் கொடுத்ததை வாங்க மறுத்தார்கள், அதனால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் போனது. முதல் கையெழுத்து செட்டர் அண்ணனுடையது.

பத்தாம் நாள் அவருக்கு இடமாற்ற உத்தரவு வந்தது, குழுமத்தின் இன்னொரு ஆலைக்கு, வேறு மாவட்டத்துக்கு. நியமன உத்தரவில் இடமாற்ற நிபந்தனை இருந்ததால் அதை எதிர்ப்பது கடினம். அவர் கிளம்பும்போது எங்களில் ஒருவர், "நீங்க முதல்ல போட்டிருக்கக் கூடாதுண்ணே" என்றார். "யாராவது முதல்ல போட்டுத்தான்டா ஆகணும்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தார். அதே வாரத்தில் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட ஏழெட்டுப் பேர், "விவரம் சொல்லாமல் எங்களிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்" என்று நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்த வாசகம் எல்லாருக்கும் ஒன்றே, எழுத்துப் பிழை உட்பட.

சமரசப் பேச்சு

தொழிலாளர் உதவி ஆணையரிடம் (சமரசம்) மனு கொடுத்தோம். எங்களிடம் சங்கம் இல்லை, மாவட்டத்தில் இருந்த ஒரு சங்கத்தின் வழக்கறிஞர் வழிகாட்டினார், தொழிலாளர் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதி ஐந்து பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தோம். சமரசம் நிலுவையில் இருக்கும்போது தகராறு சம்பந்தமாகப் பணி நிபந்தனைகளை மாற்றவோ, அதன் பேரில் தண்டிக்கவோ நிர்வாகத்தால் தன்னிச்சையாக முடியாது என்று அப்போதைய தொழில் தகராறுகள் சட்டத்தின் 33-ஆவது பிரிவு தடுத்தது. மனு பதிவான பிறகு ஒருவர் மேலும் கை வைக்கவில்லை என்பதை வைத்துப் பார்த்தால், அந்தப் பிரிவு எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

முதல் அமர்வில் நிர்வாகம் ஓ.டி.யே நடக்கவில்லை என்றது. மணிவாரித் தாள்களையும் பேருந்துப் பயணப் பதிவையும் கொண்டுவரச் சொல்லும்படி கேட்டோம், தேதி, இயந்திர எண், டோக்கன் எண்ணோடு ஒரு பட்டியலும் கொடுத்தோம். அடுத்த அமர்வுக்கு எச்.ஆர். அதிகாரி வரவில்லை, அவர்களின் வழக்கறிஞர் மட்டும் வந்தார், நிலைப்பாடும் மாறியிருந்தது. ஓ.டி. நடந்தது உண்மைதான், ஆர்டர் நெருக்கடியால் ஏற்பட்ட அசாதாரணச் சூழ்நிலை என்றார். கொரோனா காலத்தில் குஜராத் அரசு தொழிற்சாலைகளுக்கு இரட்டை ஓ.டி. ஊதியத்திலிருந்து விலக்குக் கொடுத்த அறிவிக்கைகளை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1 அன்று ரத்து செய்ததை எங்கள் தரப்பு எடுத்துக் காட்டியது. நாடே முடங்கிய நிலையைக்கூட அந்தச் சட்டம் சொல்லும் பொது அவசரநிலையாக ஏற்காத நீதிமன்றம், ஒரு கம்பெனியின் ஆர்டர் நெருக்கடியையா ஏற்கப்போகிறது? அதற்கு மேல் அந்த வாதம் வரவில்லை.

மீதி எல்லாம் பேரம். பழைய பாக்கிக்கு எவ்வளவு பின்னால் போவது என்பதில் இழுபறி. அப்போதைய ஊதிய வழங்கல் சட்டத்தில் மனுப் போட 12 மாதக் கெடு இருந்தது, தொழில் தகராறுகள் சட்டத்தின் 33சி(2) பிரிவில் பாக்கி கேட்டுத் தொழிலாளர் நீதிமன்றத்தில் போடும் மனுவுக்கு அப்படிக் கெடு இருக்கவில்லை, ஆனால் அது வருடக்கணக்கில் ஓடும். கடன் தவணையோடு இருப்பவர்களை வைத்துக்கொண்டு வருடக்கணக்கு பேச முடியாது, 12 மாதத்துக்கு ஒப்புக்கொண்டோம்.

இன்னொரு இடத்தில் மட்டும் நகரவில்லை. நிர்வாகம் தொழில் தகராறுகள் சட்டத்தின் 18(1) பிரிவு ஒப்பந்தமாகப் போட்டுக்கொள்ளலாம் என்றது, அலுவலகத்துக்கு அலையாமல் உள்ளேயே முடித்துவிடலாம் என்று இனிக்க இனிக்கப் பேசினார்கள். 18(1) என்றால் அது கையெழுத்திட்ட தரப்பினரை மட்டும்தான் கட்டுப்படுத்தும். அதே சட்டத்தில் சமரச அதிகாரி முன்னால் போடும் 12(3) ஒப்பந்தம் என்றால் அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளர்களுக்கும், பின்னால் வந்து சேர்பவர்களுக்கும் பொருந்தும். எழுதிக் கொடுத்துவிட்டு விலகிய அந்த ஏழெட்டுப் பேருக்கும், முதல் கூட்டத்தில் எழுந்து போனவருக்கும் இது சேர வேண்டும் என்றால் 12(3) தவிர வழியில்லை. சிலருக்கு அதில் வருத்தம்தான், நம்மைக் காட்டிக்கொடுத்தவனுக்கும் பாக்கியா என்றார்கள். ஆமாம், அவனுக்கும்தான்.

கிடைத்ததும் கிடைக்காததும்

2024-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இனிமேல் ஓ.டி. விகிதம் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து, 26-ஆல் வகுத்து, இரட்டிப்பு, அதாவது 150 ரூபாய். பழைய பாக்கிக்கு மட்டும் 30-ஆல் வகுத்துக் கணக்கிடுவது என்று சமரசம், அதன்படி மணிக்கு 130 வர வேண்டியதில் ஏற்கெனவே வந்த 80 போக 50 ரூபாய் வித்தியாசம், மாதம் 40 மணி நேரம் செய்தவருக்கு ஒரு வருடத்துக்கு 24,000, இரண்டு தவணையில். 2.45 பேருந்து எல்லா நாளும் ஓடுகிறது. சம்பளச் சீட்டில் ஓ.டி. என்ற தலைப்பு வந்துவிட்டது, பதினைந்து நிமிடம் வரை துல்லியமாக. வருகை ஊக்கத்தொகை வருகைக்கு மட்டும்.

ஒப்படைப்பு நேரமான இருபது நிமிடம் கிடைக்கவில்லை, கடைசி நாளில் அதை விட்டுக்கொடுத்தோம். அண்ணனின் இடமாற்றமும் ரத்தாகவில்லை, அது தனி விவகாரம் என்று நிர்வாகம் பிடிவாதமாக நின்றது. அவருக்குப் பாக்கித் தொகை வந்தது. ஆள் இன்னும் அந்த ஆலையில்தான் இருக்கிறார்.

ஓ.டி. விலை ஏறியதும் கம்பெனி ஓ.டி.யைக் குறைத்தது, இது எதிர்பார்த்ததுதான். 80 ரூபாய்க்குக் கிடைத்த மணி நேரம் 150 ஆனதும், ஆள் சேர்ப்பது மலிவு என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது. சில மாதங்கள் கைக்கு வரும் தொகை பலருக்குக் குறைந்தது, எங்களைத் திட்டியவர்களும் உண்டு. ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. 12(3) ஒப்பந்தம் அவர்களைத் தொடவில்லை, ஏட்டில் அவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள். தொழிற்சாலைகள் சட்டம் ஏஜென்சி மூலம் வேலைக்கு வருபவரையும் தொழிலாளி என்றுதான் சொன்னது, ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் சொன்னது. அதை வைத்து அவர்கள் தனியாக மனுக் கொடுத்தார்கள், மனுக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் ஒப்பந்ததாரர் மாறியபோது வேலையை விட்டே போய்விட்டார்கள்.

வேறு மாதிரி செய்ய வேண்டியவை

இதே நிலையில் இருப்பவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக. கடிதத்தையும் சமரச மனுவையும் ஒரே நாளில் அனுப்புவது நல்லது. பதினைந்து நாள் அவகாசம் மரியாதையாகத் தெரிந்தது, நடைமுறையில் அது 33-ஆவது பிரிவின் பாதுகாப்பு இல்லாத பதினைந்து நாள், அதற்குள்தான் இடமாற்றம் வந்தது. கையெழுத்துகளை வரிசையாக வாங்காமல் வட்டமாகவோ தனித்தனித் தாளிலோ வாங்கினால் முதல் ஆள் யார் என்ற கேள்வியே எழாது. ஒப்பந்தத் தொழிலாளர்களை முதல் கூட்டத்துக்கே கூப்பிட வேண்டும். அவர்களின் மணி நேரமும் அதே மணிவாரித் தாளில்தான் இருந்தது, எங்கள் பட்டியலோடு சேர்த்துக் கேட்டிருந்தால் அவர்களின் ஆதாரமும் அன்றைக்கே அதிகாரியின் கோப்பில் ஏறியிருக்கும்.

காலாண்டு வரம்பை எழுப்பாமல் விட்டது சரியா என்பதில் எங்கள் ஐந்து பேருக்குள் இன்னும் ஒரே கருத்து இல்லை. நான் சரி என்கிறேன். ஓ.டி. முடித்துப் போகும்போது வண்டியிலிருந்து விழுந்து கை முறிந்த ஒருவர் குழுவில் இருக்கிறார், அவர் தவறு என்கிறார்.

இப்போது சட்டமும் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. இரட்டை விகிதம் அதிலும் தொடர்கிறது, கூடுதலாக ஓ.டி.க்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. அதைக் காரணம் காட்டி எங்கள் நிர்வாகம் மாதத் தொடக்கத்தில் ஒரு தாளைச் சுற்றுக்கு விடுகிறது, அந்த மாதம் முழுவதற்குமான ஓ.டி.க்குச் சம்மதம் என்று எல்லாரும் மொத்தமாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அன்றன்றைக்குத் தனித்தனியாகக் கேட்டு வாங்கும் சம்மதம்தான் செல்லும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.